முன்னெச்சரிக்கை எண் நான்கு

இயற்பியல் படிக்கிற பிள்ளைகள் இயற்கையின் உண்மையைத் தேடுகிறார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும், பாவம். அந்தப் பிள்ளைகள் தேடுவது போன வருஷத்து அக்காவோ அண்ணனோ எழுதிவைத்த ரெக்கார்டு நோட்டை. சோதனைக்கூடத்தில் கருவியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அளவுகளைப் பழைய நோட்டிலிருந்து அப்படியே இறக்கிவிடுவதுதான் காலங்காலமாக நடந்துவருகிற பரிசோதனை.

புதுச்சேரி டவுனுக்குள், கடல் காற்று எட்டுகிற தூரத்தில் இருந்த அந்தக் கல்லூரியில் இதற்கென்றே ஒரு நோட்டு இருந்தது. 1998-ல் வெரோனிகா என்ற மாணவி எழுதியது. முத்து முத்தான கையெழுத்து. பிள்ளைகள் அதற்கு மூலவர் என்று பெயர் வைத்திருந்தார்கள்; அதன் ஜெராக்ஸ் பிரதிகளுக்கு உற்சவர். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு வகுப்பும் வெரோனிகாவின் எண்களையே தன் எண்களாக எழுதி மார்க் வாங்கியது. நியூட்டன் வளையங்கள் என்ற பரிசோதனையில் பன்னிரண்டாம் வளையத்துக்கு நேராக அவள் ஓர் எண்ணை அடித்துவிட்டு மாற்றி எழுதியிருந்தாள். பயபக்தி மிகுந்த சிலர் அந்த அடித்தலையும் சேர்த்தே காப்பி அடித்திருந்தார்கள்.

அதே பரிசோதனையின் கடைசியில் முன்னெச்சரிக்கைகள் என்று நான்கு வரிகள். லென்ஸைத் துடைத்துவிட்டு வைக்க வேண்டும், திருகை ஒரே பக்கமாகத் திருப்ப வேண்டும், கண்ணை நேராக வைத்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் அச்சடித்த கையேட்டில் உள்ளவை. நான்காவது எந்தக் கையேட்டிலும் கிடையாது. 'யாரும் மேஜையில் சாயக்கூடாது.' இது ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. சாய்ந்தால் கருவி ஆடும், அவ்வளவுதானே என்று எழுதிவிட்டுப் போனார்கள். மெரினும் எழுதினாள்.

மெரினுக்கு இருபது வயது. நெல்லித்தோப்பில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அப்பா சகாயநாதன் அவள் ஏழாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவின் பெயர் வேளாங்கண்ணி; டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறாள். நிற்கிறாள் என்பதுதான் சரியான சொல். காலை பத்து மணிக்கு நின்றால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் கால் மடங்கும். வாடிக்கையாளருக்கு வரிசையாக ஸ்டூல் உண்டு, விற்கிறவர்களுக்குக் கிடையாது. கவுன்ட்டரில் கொஞ்சம் சாய்ந்தால் மேலே கேமரா பார்க்கும், ஸ்பீக்கரில் குரல் வரும். அங்கே பெயரெல்லாம் இல்லை, கவுன்ட்டர் நம்பர்தான்.

கணக்கும் இயற்பியலும் மெரினுக்கு நிஜமாகவே பிடித்தவை. காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போய் எம்.எஸ்சி. படிக்க வேண்டும் என்பது ஆசை. அப்படிப்பட்டவளும் ஊரோடு ஒத்து மூலவரைத்தான் நம்பினாள். ஐந்தாம் செமஸ்டர் செய்முறைத் தேர்வில் சீட்டு எடுத்தபோது நியூட்டன் வளையங்கள் வந்தது. மனப்பாடமாக இருந்த எண்களை மளமளவென்று எழுதினாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தாளைப் பார்த்தார், லென்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தார். பழைய லென்ஸ் விளிம்பு உடைந்து, போன கோடையில்தான் புதிய லென்ஸ் வந்திருந்தது. புதிய லென்ஸுக்கு வளையங்களின் அளவே வேறு. வருஷாவருஷம் எல்லார் தாளிலும் வரும் பழைய லென்ஸின் அளவுகளை இந்தப் பெண் எந்த வழியாகப் பார்த்தாள் என்று அவர் எல்லார் முன்னாலும் கேட்டார்.

அரியர் விழுந்தது. ஏப்ரலில் மறுபடி எழுத வேண்டும். அதே தேர்வாளர்தான் வருவார், எதில் கவிழ்ந்தாளோ அதையேதான் தருவார் என்று துறைத்தலைவர் விஜயராகவன் சார் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதுவும் போனால் இந்த வருஷம் பட்டம் இல்லை, காலாப்பட்டும் இல்லை. வேளாங்கண்ணி திட்டவில்லை. ஜூன் மாதம் சுடிதார் பிரிவில் ஓர் ஆள் வேலையை விடுகிறாள், கல்யாணமாகிப் போகிறாள், அந்த இடத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவைத்திருக்கிறேன் என்றாள். மெரினுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அம்மாவின் கணுக்கால் எப்படி வீங்கும் என்று தினமும் பார்ப்பவள் அவள்.

ஆகவே உண்மையிலேயே கற்றுக்கொள்ளலாம் என்ற விபரீத முடிவுக்கு வந்தாள். மதியம் இரண்டு மணிக்கு மேல் இருட்டறை காலியாக இருக்கும். சாரிடம் அனுமதி வாங்கினாள்.

இருட்டறை என்பது வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடத்தின் பின்கட்டில் ஓர் அறை. முழங்கை நீளத் தடிமனில் சுவர், கறுப்புத் திரை, பழைய தேக்கு மேஜை, இரண்டு மூன்று ஸ்டூல். அதில் ஒரு ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. சும்மா கிடந்தால் மூன்று காலில் நிற்கும், யாராவது உட்கார்ந்தால் 'டக்' என்று அந்தப் பக்கம் சாயும். அதை எல்லாரும் மூலைக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். சோடியம் விளக்கை ஏற்றினால் அறையில் மஞ்சளைத் தவிர வேறு நிறமே இருக்காது. சிவப்புச் சுடிதார் கறுப்பாகிவிடும். உதடு கறுப்பு, கையில் மருதாணி கறுப்பு. கூட நிற்பவள் உயிர்த்தோழியாக இருந்தாலும் அந்த வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்க்க மனசு கொஞ்சம் பின்வாங்கும்.

செய்ய வேண்டியது என்னவோ எளிதுதான். கண்ணாடித் தட்டின் மேல் லென்ஸைக் கவிழ்த்து, மேலிருந்து அந்த மஞ்சள் வெளிச்சத்தை இறக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாகக் கறுப்பு வளையங்கள் தெரியும். மைக்ராஸ்கோப்பின் குறுக்குக் கம்பியை இருபதாம் வளையத்தின் விளிம்பில் நிறுத்தி அளவை எழுத வேண்டும். பிறகு பதினெட்டு, பதினாறு என்று உள்ளே வந்து, நடுப்புள்ளியைத் தாண்டி, மறுபக்கம் இருபதுவரை போக வேண்டும். நடுவில் கம்பி நகர்ந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

முதல் நாள் மெரின் இருபதை எழுதினாள், பதினெட்டை எழுதினாள். பதினாறு, பதினான்கு சரியாக வந்தன. பன்னிரண்டில் கம்பியை வைத்துக் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தபோது வளையங்கள் எல்லாம் சேர்ந்து மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தன. அதிர்வு மாதிரி இல்லை. யாரோ ஒரு கனமான ஆள் பெருமூச்சு விட்டுக்கொண்டு மேஜையின் அந்தக் கோடியில் கையை ஊன்றினால் எப்படி நகருமோ, அப்படி நிதானமாக இரண்டு வளையம் தள்ளிப்போய் அங்கேயே நின்றன. மெரின் தலையைத் தூக்கினாள். மேஜையின் அந்தக் கோடியில் மஞ்சள் வெளிச்சமும் சுவரும்தான் இருந்தன. மறுபடி கண்ணை வைத்தாள். சிறிது நேரம் கழித்து வளையங்கள் பழைய இடத்துக்கு வந்தன, யாரோ கையை எடுத்துவிட்ட மாதிரி.

சாரிடம் சொன்னதற்கு, ரோட்டில் தண்ணீர் லாரி போயிருக்கும் என்றார். படித்தவர், அவருக்கு ஒரு லாரி கிடைத்துவிட்டது. மெரின் மேஜைக் கால்களுக்கு அடியில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி வைத்தாள். லாரி இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் அனுமதி கேட்டு வந்து பார்த்தாள். இருபதிலிருந்து பதினான்குவரை ஒரு தொந்தரவும் இருக்காது. பன்னிரண்டு வந்ததும் வளையங்கள் நகரும். பன்னிரண்டுக்கு வர இருபது நிமிஷம் ஆகும்; நின்றுகொண்டே இருக்கிறவருக்குக் கால் வலி எடுக்கிற நேரம் அது என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

பாரதியைத் துணைக்கு அழைத்துப் போனாள். பாரதி அவள் வகுப்புத் தோழி, வாய்த்துடுக்கானவள், பேய்க்கதை சொன்னால் சிரிப்பவள். வளையம் நகர்ந்ததும் மெரின் எரிச்சலோடு சாயாதே என்றாள். பாரதி சாயவில்லை என்றாள். இருவருக்கும் வார்த்தை தடித்து, கடைசியில் பாரதி மேஜையை விட்டு நான்கடி தள்ளி, இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். இப்போது பார் என்றாள். மெரின் பார்த்தாள். வளையங்கள் நகர்ந்தன. அவள் எழுந்து, பாரதியைப் பார்க்கச் சொன்னாள். பாரதி ஒரு நிமிஷம் குனிந்து பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியே போனவள்தான். அந்த வருஷம் முழுக்க அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

அன்று சாயங்காலம் மெரின் மூலவரைத் தேடி எடுத்தாள். ஜெராக்ஸில் தெரியாதது அசலில் தெரிந்தது. நான்காவது முன்னெச்சரிக்கையை மட்டும் வெரோனிகா வேறு பேனாவில், எழுத்து தாளில் அழுந்த எழுதியிருந்தாள். கோபமாக எழுதியவளின் எழுத்து. பன்னிரண்டாம் வளையத்தில் அடித்தல். இருபத்தைந்து வருஷம் நூற்றுக்கணக்கான பேர் காப்பி அடித்தது ஒரு புகாரை.

வீட்டில் சொன்னாள். வேளாங்கண்ணி சிலுவை போட்டுக்கொண்டு, அது பாவம் தீராமல் உத்தரிக்கிற ஆத்துமாவாகத்தான் இருக்கும், பூசை கேட்கிறது என்றாள். மறுநாளே கோயிலில் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். பெயர் தெரியாத ஓர் ஆத்துமாவுக்காக வியாழக்கிழமைக் காலைப் பூசை ஒப்புக்கொடுக்கப்பட்டது. மெரின் முழந்தாளிட்டு மனசார ஜெபித்தாள். அன்று மதியம் பன்னிரண்டாம் வளையம் வழக்கம்போல நகர்ந்தது.

தேர்வுக்கு நான்கு நாள் இருந்தது. அவள் இருட்டறைக்கு வெளியே படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது, சாவி எடுக்க வந்த ஆய்வக உதவியாளர் காத்தவராயன் பார்த்துவிட்டார். தவளக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர், அடுத்த வருஷம் ஓய்வு. யாரிடமும் தேவைக்கு மேல் பேசமாட்டார். மெரின் கேட்டது ஒன்றே ஒன்று: வெரோனிகா படித்தபோது அந்த மேஜையில் சாய்ந்தது யார்?

அவர் சாவிக்கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் லட்சுமி என்று ஓர் அம்மாள் ஆய்வகத்தில் இருந்தாள். பெருக்குவது, கருவி துடைப்பது. பரீட்சை நாட்களிலும் செய்முறை வகுப்பிலும் பிள்ளைகள் இருட்டில் கண்டதைச் செய்யக்கூடாது என்று அவளை இருட்டறைக்குள் நிற்கவைப்பார்கள். காலில் நரம்பு சுருண்டு சுருண்டு நிற்கும். ஸ்டூல் பிள்ளைகளுக்குத்தான், அவளுக்கு இல்லை. முடியாதபோது மேஜையில் கையை ஊன்றிக்கொள்வாள். வளையம் ஓடிவிடுகிறது என்று பிள்ளைகள் புகார் செய்ய, அப்போதிருந்த துறைத்தலைவர் மெமோ கொடுத்துவிட்டார்.

“மெமோவுக்குக் கையெழுத்து போட்டப்பகூட அது நின்னுக்கினுதாம்மா போட்டுச்சு,” என்றார் காத்தவராயன். “அதுக்கப்புறம் ரெண்டு வருசம் சாயாமதான் நின்னுச்சு. ஒருநா வரல. ரத்தம் கட்டி நெஞ்சுக்கு ஏறிடுச்சுன்னாங்க.”

மெரின் மனசுக்குள் வருஷங்களைக் கணக்குப் போட்டாள். வெரோனிகா அந்த வரியை எழுதியபோது லட்சுமி உயிரோடு அந்த அறையிலேயே நின்றிருக்கிறாள். பின்னால் வந்த பிள்ளைகள் அதையே காப்பி எழுதும்போது நின்றது யார்? லட்சுமிக்கு மாதா கோயிலில் பூசை வைத்தால் அது எந்த முகவரிக்குப் போய்ச் சேரும் என்று வேறு ஒரு கவலை. அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றும் போனது.

அன்று ராத்திரி வேளாங்கண்ணி வந்ததும் வழக்கம்போலச் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தரையில் படுத்தாள். மெரின் தைலத்தை எடுத்து அம்மாவின் கெண்டைக்காலில் தேய்த்தாள். அங்கேயும் நரம்பு பச்சையாகச் சுருண்டிருந்தது. இத்தனை நாள் தேய்த்திருக்கிறாள், இன்றுதான் பார்த்தாள். கவுன்ட்டரில் சாயும்போது என்ன தோன்றும் என்று அம்மாவைக் கேட்டாள்.

வேளாங்கண்ணி கண்ணைத் திறக்கவில்லை. “என்னாடி தோணும். சாயாத சாயாதன்னு சொல்றதுக்கு ஆயிரம் பேரு இருக்காங்க. ஒக்காருன்னு சொல்ல ஒருத்தரும் இல்லன்னு தோணும்.”

மெரினின் கை நின்றுவிட்டது.

தேர்வு நாள் காலை பத்து மணிக்கு அதே தேர்வாளர் அவளை அடையாளம் கண்டுகொண்டு, சீட்டெல்லாம் வேண்டாம், இருட்டறைக்குப் போ என்றார். இரண்டு மணி நேரம் என்றார். மெரின் உள்ளே போய் விளக்கை ஏற்றினாள். அறை மஞ்சளாகியது, அவள் கைகள் சாம்பலாகின. தேர்வாளரிடம் திரும்பி வந்து, மூலையில் கிடக்கிற ஸ்டூலை மேஜை அருகில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். எதற்கு என்றார். நோட்டு வைக்க என்றாள். வாழ்க்கையில் அவள் சொன்ன பொய்களில் அதுதான் நல்ல பொய்.

குட்டைக்கால் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் மேஜையின் அந்தக் கோடியில் வைத்தாள். துப்பட்டாவின் நுனியால் தூசியைத் துடைத்தாள். மூன்று காலில் நின்ற ஸ்டூல் அவள் கையை எடுத்ததும் லேசாக ஆடி அமைதியானது. அவள் தன் இடத்தில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். இருபது. பதினெட்டு. பதினாறு. எண்களை எழுதும்போது தாளை மணிக்கட்டால் அழுத்திக்கொண்டாள். பதினான்கு. கம்பியைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தாள். கண் வளையத்திலேயே இருந்தது. வளையங்கள் நகரத் தொடங்கின.

கண்ணை எடுக்காமல், கோயிலில் பேசுகிற குரலில் சொன்னாள்: “ஒக்காருங்கம்மா. ஸ்டூலு உங்களுக்குத்தான் போட்டேன்.”

ஒன்றும் நடக்கவில்லை. வளையங்கள் இரண்டு தள்ளிப்போய் நின்றன, அப்படியே நின்றன. நெற்றியிலிருந்து வியர்வை ஒரு சொட்டு மைக்ராஸ்கோப்பின் குழாயில் விழுந்தது. ஜூன் மாதம், சுடிதார் பிரிவு, ஸ்பீக்கர் குரல், எல்லாம் கண்முன் வந்து போயின. இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தபோது மேஜையின் அந்தக் கோடியிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

மெரின் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை என்று பிற்பாடு அவளே ஒப்புக்கொண்டாள். வளையங்கள் மெல்ல நகர்ந்து தங்கள் இடத்துக்கு வந்தன. பன்னிரண்டை எழுதினாள். பத்து, எட்டு, ஆறு. நடுப்புள்ளியைத் தாண்டினாள். மறுபக்கம் இருபதுவரை ஒரு வளையம்கூட மூச்சுவிடவில்லை. அத்தனை நேரமும் அந்தக் கோடியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிற கனம் அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு வயசான அம்மாள் தூங்கிப்போனால் எழுப்பாமல் இருக்கத் தோன்றுமே, அப்படியும் இருந்தது. முடித்ததும் விளக்கை அணைக்காமல் வெளியே வந்தாள்.

தேர்வாளர் அவள் அளவுகளைத் தானே கணக்குப் போட்டுப் பார்த்தார். லென்ஸ் வந்த பெட்டியில் கம்பெனி எழுதியிருந்த அளவோடு ஒத்துப்போனது. இந்தக் கல்லூரியில் இவ்வளவு சுத்தமான அளவைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, யார் உதவி செய்தது என்று கேட்டார். கேலிக்குத்தான் கேட்டார்.

மெரின் பாஸானாள். காலாப்பட்டில் இடமும் கிடைத்தது. புதிய லென்ஸுக்கு உண்மையான அளவு அவள் நோட்டில் மட்டும்தான் இருந்தது என்பதால் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் அதை வாங்கிக்கொண்டு போனார்கள். 1998-ஆம் வருஷத்து மூலவர் பீரோவுக்குள் போக, மெரின் மூலவரானாள். அவள் நோட்டில் நான்காவது முன்னெச்சரிக்கை மாறியிருந்தது: 'மேஜையின் மறுகோடியில் ஒரு ஸ்டூல் காலியாகப் போட வேண்டும்.' ஏன் என்று இவர்களும் கேட்கவில்லை. காப்பி அடிக்கிற பிள்ளைகளுக்கு அந்த ஒரு நல்ல குணம் உண்டு. எழுதினார்கள், எழுதியபடி ஸ்டூலும் போட்டார்கள். வளையங்கள் இப்போது நகர்வதில்லை என்று காத்தவராயன் ஒருநாள் போனில் சொன்னார்.

இதற்கெல்லாம் முன்னால், அந்த ஜூன் மாதத்தில் காலாப்பட்டில் சேர்ந்துவிட்டுத் திரும்பிய மதியம் மெரின் நேராக ஜவுளிக்கடைக்குப் போனாள். புடவைப் பிரிவில் கூட்டம் இல்லை. வேளாங்கண்ணி கடைச் சீருடையான அரக்குப் புடவையில் மூன்றாம் நம்பர் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். மெரின் சேர்க்கைச் சீட்டைக் காட்டினாள். வேளாங்கண்ணி அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுவதை மெரின் கவனித்தாள். வாடிக்கையாளர் ஸ்டூல் ஒன்றைத் தூக்கி, கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு போய், அம்மாவின் பக்கத்தில் வைத்தாள்.

“ஒக்காரும்மா.”

வேளாங்கண்ணி மேலே கேமராவைப் பார்த்தாள். ஸ்டூலைப் பார்த்தாள். “எடுத்துடுடி,” என்றாள் மெல்ல. “பாக்கறாங்க.”

மெரின் எடுக்கவில்லை. வேளாங்கண்ணி உட்காரவும் இல்லை. காலியான ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றபடியே, முடியாமல், ஒரு கையை மட்டும் கவுன்ட்டரில் ஊன்றினாள். மேலே ஸ்பீக்கர் கரகரத்தது. மூணாம் நம்பர், சாயாதீங்க என்றது. வேளாங்கண்ணி கையை எடுத்துக்கொண்டாள். கடை முழுக்க வெள்ளை வெளிச்சம்தான். ஆனாலும் மெரினுக்கு அம்மாவின் அரக்குப் புடவை கறுப்பாகத் தெரிந்தது, உதடும்.